ஓதச் சுவருக்கு ஒரு திரை

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் எல்லா வீட்டிலும் குழந்தைகள்தான் ஆட்டம் போடும். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் குழந்தையோடு சேர்ந்து அதன் அம்மாவும் ஆட்டம் போடுவாள். அவள் மழலைப் பள்ளியில் டீச்சர். வருடம் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்கு வெட்டியும் ஒட்டியும் கொடுத்துப் பழகிய கை, லீவு நாளில் மடியில் சும்மா கிடக்காது. வெட்ட என்ன அகப்படும், ஒட்ட என்ன அகப்படும் என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரும். போன கோடையில் அவனுடைய ஜீன்ஸ் பேன்ட் ஒன்று அப்படித்தான் தோள்பையாகிப் போனது. அதை மாட்டிக்கொண்டு அவள் காய்கறி வாங்கப் போகும்போது, தன் பேன்ட் தன்னை விட்டுவிட்டுத் தெருவில் நடந்து போவதை மெக்கானிக் மாடியில் நின்று பார்ப்பான்.

அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய கணவனும் அப்படித்தான். இரண்டாம் வகுப்புக்குப் போகப்போகிற மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பெயர்ப் பொருத்தம் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டீச்சர் எதை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அதைச் சுவரில் மாட்டியது கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து ஐந்து வாடகை வீடுகளைக் காலி செய்தாகிவிட்டது. ஒன்றை விற்றார்கள். ஒன்றை இடித்தார்கள். ஒன்றில் வீட்டுக்காரரின் தம்பி பெட்டி படுக்கையோடு வந்து வாசலில் நின்றார். ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசி" என்று மெக்கானிக் சொல்வான். ஒவ்வொரு முறையும் அவள் நம்புவாள். நம்பி நம்பி அலுத்துப்போய், செய்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு மூடி வைக்கப் பழகிவிட்டாள். "அடுத்தவங்க சுவத்துல ஆணி அடிக்க எனக்குக் கை வரல" என்பாள். இந்த ஆறாவது வீட்டுக்கு வந்த அன்று, சாமான்களை இறக்கி முடித்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தவள், "இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னீங்கன்னா, மூட்டை உங்களோட வரும், நான் வரமாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீடு ஒன்றும் மாளிகை இல்லை. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள், மாடி இவர்களுக்கு. ஹாலில் ஒரு சுவர் வருடம் பூராவும் ஓதம் பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். அடுப்படிக் குழாய்க்கு வாய் மூடவே தெரியாது. மதியம் திரும்பினால் வெயில் பால்கனி வழியாக ஹாலுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். அம்மாவும் மகளும் கைகோத்துக்கொண்டு பெரிய சாலை எதையும் கடக்காமல் நடந்து போய்விடலாம். வந்து மூன்று வருடமாகியும் யாரும் எதையும் விற்கவில்லை, இடிக்கவில்லை.

லீவு விட்ட அன்று சாயங்காலம் மெக்கானிக் வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்காரர் கேட் பக்கத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றார். "மாப்பிள்ளைக்கு இந்த ஊருக்கே மாத்தல் ஆயிடுச்சு. பொண்ணும் முழுகாம இருக்கா. பக்கத்துலயே இருந்தா எங்களுக்கும் நல்லது பாருங்க. மேல் வீட்டை வந்து பாக்கறேங்கறா."

மெக்கானிக் கருவிப் பையைக் கை மாற்றிக்கொண்டான். "காலி பண்ணணுமா சார்?"

"அப்படி உறுதியா சொல்ல மாட்டேன். அவ லேசுல எதுலயும் திருப்திப்பட மாட்டா. பழைய வீடு, ஓதம் அடிக்கும்னு இப்பவே மூஞ்சியத் தூக்கறா. லீவு முடியறதுக்குள்ள ஒரு நாள் வந்து பாப்பா. புடிக்கலன்னா வேற எடம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டா. அப்போ நீங்க பாட்டுக்கு இருங்க, எத்தன வருஷம் வேணும்னாலும். புடிச்சிருச்சுன்னா ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நீங்க வேற பாக்கற மாதிரி இருக்கும். வீட்டுல பக்குவமா சொல்லி வெச்சிடுங்க."

நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷராக இருந்தால் நாலு வார்த்தை சண்டை போட்டுவிட்டாவது மேலே ஏறியிருக்கலாம்.

சொல்லிவிடுவது என்றுதான் படியேறினான். முதலில் தண்ணீர் குடிப்பது, பிறகு உட்கார்வது, பிறகு "உறுதியில்லயாம்" என்பதை முதலில் போட்டு, "காலி" என்பதைக் கடைசியில் போடுவது என்று வரிசைகூடப் போட்டுக்கொண்டான். கதவு திறந்திருந்தது. ஹாலின் நடுவில் டீச்சர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி அட்டைப்பெட்டிகள். வீடு வீடாக அவர்களோடு வந்து, பீரோவுக்குப் பின்னால் மடித்துச் செருகி வைத்திருந்த பெட்டிகள். "பாத்திரம்", "புஸ்தகம்", "உடையும், பாத்து" என்று அவள் கையால் எழுதி வைத்தவை. எல்லாவற்றையும் கத்தியால் கீறிக் கீறித் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். வாலு ஒவ்வொரு துண்டையும் ஆறு மூலையாக மடித்துப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"தேன்கூடு ஷெல்ஃப்!" என்றாள் வாலு.

"மூணு வருஷமா எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றாள் டீச்சர், தலை நிமிராமல். "இனிமே எதுக்கு இதெல்லாம்? ஆணி அடிச்சு மாட்டப் போறேன். சுத்தியல எங்க வெச்சிருக்கீங்க?"

ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு வாக்கியத்தை வாயிலிருந்து இறக்கத் தெரியவில்லை. கருவிப் பையைத் திறந்து சுத்தியலை எடுத்துக் கொடுத்தான்.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தான். வரப்போகிறவள் லேசில் திருப்திப்படாதவள். ஓதச் சுவரைப் பார்ப்பாள், ஒழுகும் குழாயைப் பார்ப்பாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள். நடக்கப்போவது அதுதான் என்றால், நடுவில் எதற்கு இவள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும்? ஆண்கள் இப்படிப்பட்ட கணக்குகளைப் போடுவதில் கெட்டிக்காரர்கள்.

கணக்கு எங்கே உதைக்கிறது என்பது அந்த வாரக் கடைசியில்தான் தெரிந்தது. அம்மாவும் மகளும் பூங்காவில் காற்றுக்கு ஒடிந்து விழுந்த ஒரு கொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக்கின் பழைய பனியன்களைப் பட்டை பட்டையாகக் கிழித்து, தேயிலைத் தண்ணீரிலும் மஞ்சள் தண்ணீரிலும் முக்கிக் காயப்போட்டார்கள். கொம்பில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இறங்கினார்கள். பழைய பனியன் போதாமல் போனபோது, இன்னும் நன்றாக இருந்த இரண்டும் பழைய பனியன்களில் சேர்ந்துகொண்டன. இரண்டு நாளில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை தயாராகிவிட்டது. டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக ஓதச் சுவருக்குப் போனாள்.

"அங்க வேண்டாம்!" மெக்கானிக் போட்ட சத்தத்தில் வாலு திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஏன்?"

"ஓதம் புடிச்ச சுவரு. காத்து படணும். மூடினா இன்னும் கெட்டுப் போகும்."

"இத்தன நாள் காத்து பட்டு என்ன தேறிச்சு? அதான் கொம்பைச் சுவத்துலேர்ந்து தள்ளித் தொங்க விடறேனே. காத்தும் போகும், அசிங்கமும் தெரியாது."

அசிங்கம் தெரிய வேண்டும் என்பதுதான் அவன் தேவை. அதை எப்படிச் சொல்வது? ஆணியை அவனையே அடிக்கச் சொன்னாள். அடித்தான். திரை தொங்கியதும், ஓதம் இருந்த இடமே தெரியவில்லை. அந்த மூலைக்கு அதுவரை இல்லாத ஒரு லட்சணம் வந்துவிட்டது. வாலு கை தட்டினாள். மெக்கானிக்கும் தட்டினான், வேறு வழியில்லாமல்.

அதற்குப் பிறகு அவன் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போட ஆரம்பித்தான். பசை நாற்றம் தலைவலிக்கிறது என்றான். அவள் மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தாள். கத்தரிக்கோலை ஒளித்து வைத்தான். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வாங்கி வந்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளுக்கு வீம்பு ஏறியது. "நான் ஒண்ணு ஆசையா செஞ்சா உங்களுக்குப் பொறுக்காதே" என்றாள். பொறுக்கவில்லைதான். ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை.

வாலு தூங்கும் சின்ன அறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று கிளம்பியபோது, கடைசி ஆயுதத்தை எடுத்தான். "வீட்டுக்காரரைக் கேக்காம சுவத்துல கை வெக்கக் கூடாது."

"கேட்டுட்டு வாங்க."

கீழே போய், கேட் வரை நடந்து, திரும்பி மேலே வந்தான். "வேண்டாங்கறார்" என்றான்.

டீச்சர் முகம் தொங்கிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் ஒரு சுவர் தப்பியதே என்று மூச்சு விட்டான். அந்த மூச்சு அரை நாள்கூடத் தாங்கவில்லை. சாயங்காலம் குப்பை கொட்டப் போனவள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"நீங்க என்ன கேட்டீங்க அவர்கிட்ட? நான் கேட்டேன், 'தாராளமா அடிங்கம்மா, இதையெல்லாம் கேக்கணுமா'ங்கறார். அப்பறம் என்னவோ, 'உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசும்மா, யாரும் இப்படி இருக்க மாட்டாங்க'ன்னு கண்ணக் கூடத் தொடச்சுக்கிட்டார். ஒரு அறைக்குப் பெயின்ட் அடிச்சா அழுவாங்களா?"

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. அவள் விஷயம் தெரிந்துதான் செய்கிறாள் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவன் சொல்லியிருப்பான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவன் ஒருவன் வாயை மூடிக்கொண்டதில் இரண்டு நல்ல ஜனங்கள் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு உருகிக்கொண்டிருந்தார்கள்.

அறையின் பாதிச் சுவர் இளநீலமானது. மீதிப் பாதியில் அம்மாவும் மகளும் வெண்டைக்காயை வெட்டிச் சாயத்தில் தோய்த்துப் பூப்பூவாக அச்சுக் குத்தினார்கள். அடுப்படிக் குழாய்க்கு அடியில் காலி பாட்டில்களைப் படுக்கவாட்டில் வெட்டி, மண் நிரப்பி, கயிறு கட்டி ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டார்கள். குழாய் சொட்டுவது முதல் பாட்டிலில் விழுந்து, அது வழிந்து அடுத்ததில் விழுந்து, கடைசியில் தொட்டிக்குள் இறங்கியது. புதினாவும் ஏதேதோ கொடிகளும் அதில் தழைத்தன. இத்தனை வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்த ஒழுகலுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

கடைசியாகப் பால்கனி வெயில் மிச்சமிருந்தது. பழைய செய்தித்தாள்களைக் குச்சி குச்சியாகச் சுருட்டி, வெள்ளைச் சாயம் பூசி, சணல் கயிற்றால் வரிசையாகப் பிணைத்து ஒரு தட்டி செய்ய ஆரம்பித்தாள் டீச்சர். ஒரு மதியம் அவனும் உட்கார்ந்து தாள் சுருட்டிக்கொண்டிருந்தான். வாலு பாயில் உருண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் டீச்சர். "இத்தன வருஷமா எனக்கு எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும். எப்பக் கூப்பிடுவாங்களோ, எப்ப எழுந்திரிக்கணுமோன்னு. இப்பத்தான் குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு."

அவனுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. இவ்வளவு பிரியமான ஒருத்தியிடம் இவ்வளவு சின்ன விஷயத்தைச் சொல்ல முடியவில்லையே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. வாயைத் திறந்தான்.

"டீச்சர்..."

"என்ன?"

அவள் கண்ணில் கோடைக்கே உரிய ஒரு சோம்பலான சந்தோஷம் இருந்தது. கன்னத்தில் வெள்ளைச் சாயம்.

"ஒண்ணுமில்ல. டீ இருக்கா?"

"இப்பத்தானே குடிச்சீங்க?"

"இன்னொரு வாய்."

லீவு முடியப்போகும் சமயத்தில் வீட்டுக்காரர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் வருகிறாளாம். ஆட்கள் வரப்போவதை மறைக்க முடியாது. டீச்சரிடம் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"வீட்டுக்காரர் பொண்ணு ஊருக்கு வந்திருக்காம். ஞாயித்துக்கெழம மேல வந்து பாக்கறாங்களாம்" என்றான்.

"எதைப் பாக்க?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட அவள் சந்தேகப்பட்டு, துருவிக் கேட்டு, உண்மை வெளியே வந்திருக்கும். மூட வேண்டிய நேரத்தில்தான் அவனுக்கு வாய் திறக்கும். "நீ பண்ணினதையெல்லாம் அவர் சொல்லியிருப்பார்ல. அதைப் பாக்கத்தான்" என்றான்.

அவ்வளவுதான். டீச்சர் இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். பாதியில் நின்ற தட்டி அன்றைக்கே முடிந்தது. மெத்தை உறைகளுக்குக் குஞ்சம் வந்தது. குளியலறைக் கதவின் கீழ்ப்பக்கம் ஊறிப் பிளந்திருந்த இடத்தில், கூழாங்கற்களைச் சாயம் பூசி ஒட்டினார்கள் தாயும் மகளும். விருந்தாளி கண்ணில் படக்கூடாது என்று அவள் தேடித் தேடி மூடியதெல்லாம், விருந்தாளி கண்ணில் பட வேண்டும் என்று அவன் மலைபோல நம்பியிருந்தவை.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் குளிக்கப் போன நேரத்தில் மெக்கானிக் அடுப்படிக்குள் நுழைந்தான். ஸ்பேனரால் குழாயின் தலையை ஒரு திருகுத் தளர்த்திவிட்டான். சொட்டிக்கொண்டிருந்தது இப்போது ஒழுகியது. இருபது வருடத் தொழிலில் அவன் ஒரு பொருளை வேண்டுமென்றே கெடுத்தது அதுதான் முதல் முறை. கை கூசியது.

வீட்டுக்காரரும் மகளும் படியேறி வந்தார்கள். மகள் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி வாசலில் நின்றாள். சிடுசிடுப்பான பெண்ணாக இருப்பாள் என்று மெக்கானிக் எதிர்பார்த்திருந்தான். சிரித்த முகமாக இருந்தாள். அவளை எதிரியாக நினைக்கலாம் என்றிருந்த ஒரே வசதியும் போயிற்று.

"செருப்ப இங்க விடுங்கக்கா" என்று வாலு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "முதல்ல இதப் பாருங்க. இது அப்பாவோட பனியன்!"

"இங்க சுவரு பூரா ஓதங்க" என்று மெக்கானிக் குறுக்கே பாய்ந்தான். திரையின் ஓரத்தைத் தூக்கியும் காட்டினான். "பாருங்க, எப்படி உதிருது. நாத்தம் வேற."

டீச்சர் அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

"எங்க அப்பா சொல்லியிருக்கார்" என்றாள் அந்தப் பெண். "அதுதான் எனக்கு ரொம்ப யோசனையா இருந்துச்சு. ஆனா இப்படி ஒரு வழி இருக்குன்னு யாருக்குத் தோணும்?" முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தாள். "நீங்களே போட்டீங்களா?"

"மதியத்துல வெயில் தாங்காது" என்றான் மெக்கானிக். குரல் கெஞ்சியது. "ஹால்ல உக்காரவே முடியாது."

வாலு ஓடிப்போய்ச் சணல் கயிற்றை அவிழ்த்தாள். தட்டி சரசரவென்று இறங்கியது. ஹால் நிழலாகி, குச்சிகளுக்கு நடுவே மெல்லிய கோடுகளாக வெளிச்சம் தரையில் விழுந்தது. அந்தப் பெண் "அடடா!" என்றாள்.

கடைசி நம்பிக்கை அடுப்படிதான். "குழாயப் பாருங்க, நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும். தூங்க விடாது" என்று முன்னால் போய் நின்றான். தளர்த்திவிட்ட குழாயிலிருந்து தண்ணீர் கம்பியாக இறங்கி, முதல் பாட்டிலில் நிரம்பி, அடுத்ததில் குதித்து, அதற்கடுத்ததில் குதித்து, கொடிகளை ஆட்டிக்கொண்டு ஓடியது. சொட்டாக இருந்தவரை அது வெறும் ஏற்பாடாகத்தான் இருந்தது. இன்றைக்கு அருவியாகிவிட்டது. வாலுவே அதை அப்படிப் பார்த்ததில்லை, வாயைப் பிளந்தாள்.

அந்தப் பெண் கொடிகளை விலக்கி, விழும் தண்ணீரில் விரலை நனைத்துப் பார்த்தாள். அவளுக்கு வீடு பிடித்துவிட்டது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது.

சின்ன அறைக்குள் போனதும், அவள் நீலச் சுவருக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். வெண்டைக்காய்ப் பூக்களில் எது அம்மா குத்தியது, எது தான் குத்தியது என்று வாலு ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வயிற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தாள்.

"அப்பா, இந்த ரூம் இப்படியே இருக்கட்டும். எதையும் கழட்டச் சொல்லாதீங்க."

டீச்சர் சிரித்தாள். பாராட்டு என்றுதான் நினைத்தாள். வெட்கப்பட்டுக்கொண்டு தட்டில் இருந்த எலுமிச்சை ஜூஸை நீட்டினாள். அந்தப் பெண் டம்ளரை வாங்காமல் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு எப்படிங்க இந்த மனசு வந்துச்சு? காலி பண்ணணும்னு தெரிஞ்சும் யாராவது இப்படிப் பாத்துப் பாத்துப் பண்ணுவாங்களா? நானா இருந்தா கோவத்துல ஒரு தூசியக்கூடத் தட்டியிருக்க மாட்டேன்."

டீச்சர் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் நன்றியோடு தலையை அசைத்தார். பிறகு கணவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பார்த்த அளவுக்கே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது மெக்கானிக்குக்கு.

"ஜூஸ் குடிங்க" என்றாள் டீச்சர் அந்தப் பெண்ணிடம். "ஏறி வந்தது களைப்பா இருக்கும்."

குடித்தார்கள். அந்தத் திரையைத் துவைக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். துவைக்கக் கூடாது, உதறி வெயிலில் போட்டால் போதும் என்று டீச்சர் சொன்னாள். தட்டியில் மழைச் சாரல் படக்கூடாது, ஈரம் பட்டால் தாள் ஊறிவிடும், மேகம் கறுத்தால் சுருட்டிக் கட்டிவிட வேண்டும் என்றும் சொன்னாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே நிதானமான குரலில் சொன்னாள். வீட்டுக்காரர் கிளம்பும்போது மெக்கானிக்கின் தோளைத் தட்டினார். "அவசரப்பட வேண்டாம் தம்பி. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பாத்துக்கோங்க. நானும் நாலு எடத்துல சொல்லி வெக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான். டீச்சர் ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வாலு அறைக்குள் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"லீவு விட்ட அன்னிக்கு."

"பெட்டியெல்லாம் வெட்டிக்கிட்டிருந்தேனே, அப்பவா?"

"அப்பவே."

"சுத்தியல் எடுத்துக் குடுத்தீங்களே."

தலையை ஆட்டினான். "அவங்களுக்குப் புடிக்காதுன்னு நெனச்சேன். ஒனக்கு எதுக்கு வீணா..."

"சொல்லியிருந்தா நான் கத்தரிக்கோலக் கையில எடுத்திருப்பேனா?" டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "சுவரு ஓதத்தோட இருந்திருக்கும். வெயில் உள்ள வந்திருக்கும். அந்தப் பொண்ணு எட்டிப் பாத்துட்டு மூக்கப் புடிச்சுக்கிட்டுப் போயிருக்கும். நாம இருந்திருப்போம்."

இதை அவன் யோசித்திருக்கவில்லை என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தான். அவள் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு லேசான விஷயமாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

"திட்டு" என்றான். "கத்தித் தொலை. இப்படி நிக்காத." அவனுக்கு வெறி மாதிரி ஏதோ ஏறியது. பாய்ந்து போய்ச் சுவரில் இருந்த திரையைப் பற்றினான். "எல்லாத்தையும் பிச்சுப் போட்டுடறேன். பழையபடி இருக்கட்டும். வந்து பாக்கட்டும்."

"கைய எடுங்க. பாதி முடிச்சு குழந்த போட்டது."

கையை எடுத்தான். அதே நேரத்தில் வாலு கை நிறையக் கலர் நூல்கண்டுகளோடு அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா! அந்த அக்காவுக்குப் பாப்பா பொறக்கப் போகுதாம்! என் ரூம் ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொன்னாங்க. நான் பாப்பாவுக்குத் தொட்டில்ல தொங்க விட ஒண்ணு செய்யட்டுமா? அவங்க மறுபடி எப்ப வருவாங்க?"

டீச்சர் மகளின் தலையைத் தடவினாள். கோணிக்கொண்டு வந்த முகத்தைக் குழந்தை பார்க்காதபடி திருப்பிக்கொண்டாள்.

"அப்பாவக் கேளு" என்றாள். அவனைத் தாண்டிப் போகும்போது தணிந்த குரலில், "இவகிட்டயாவது சொல்லுங்க" என்றாள். அடுப்படிக்குள் போய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்தான். வாலு அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு, நூல்களை நீளம் பார்த்து வெட்டி, ஒரு நுனியில் சேர்த்து முடிந்தாள்.

"வாலு."

"ம்."

"நாம வந்து..."

"அப்பா, இந்த முனையப் புடிங்க. இழுத்துப் புடிக்கணும். விட்டீங்கன்னா எல்லாம் அவிழ்ந்துடும்."

பிடித்துக்கொண்டான். சின்ன விரல்கள் நூலை ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னத் தொடங்கின.

"சொல்லுங்கப்பா. எப்ப வருவாங்க?"

"வருவாங்க" என்றான். "சீக்கிரமே வந்துடுவாங்க."

"அப்போ வேகமாப் பின்னணும்" என்றாள் வாலு.